மூன்று படி

விண்ணப்பத்துக்கு மூன்று படி வேண்டும் என்று
அவளிடம் முதலில் சொன்னவன் நான்தான்.
ஒன்று கரோனருக்கு, ஒன்று காவல்துறைக்கு,
ஒன்று எங்கள் அலமாரிக்கு.
படியெடுக்கப் பக்கத்துக்குப் பத்துப் பென்ஸ்.

மெரெரிட் பாரி, வயது இருபத்திரண்டு.
தம்பி கெத்தின், நான்கு வயது, 1981 பிப்ரவரி.
கொல்லைப் படியில் தவறி விழுந்ததில் மரணம்.
விபத்து.
அதை மாற்ற வேண்டும் என்றாள்.
எதை என்றேன்.
அந்த ஒரு சொல்லை என்றாள்.

வேல்ஸின் வடக்கே
சிலேட்டுக்கல் வெட்டிச் சோறு தின்ற ஊர் எங்களுடையது.
கூரை அந்தக் கல், வேலி அந்தக் கல்,
செத்தவன் தலைமாட்டில் நடுவதும் அதே கல்.
மழை விட்டாலும் ஈரம் விடாத சாம்பல் நிறம்.
எதை எழுதினாலும் துடைத்துக்கொள்ளலாம் என்பது
எங்களுக்கு ரத்தத்தில் ஊறியது.

மார்ச் பிறந்தால் வருவாள்.
ஒரு வருடம் நிறைமாத வயிற்றோடு.
மறு வருடம் இடுப்பில் பிள்ளையோடு;
அது என் முத்திரைக் கட்டையைப் பிடுங்கப் பார்த்தது.
பிறகொரு வருடம் முடியெல்லாம் கொட்டி,
கம்பளித் தொப்பியைக் கழற்றாமல் நின்றாள்.
புதிய சான்று ஏதும் கிடைக்காத நிலையில், என்று தொடங்கும் கடிதம்.
தேதியை மட்டும் மாற்றினால் போதும்.

அந்த ஆள் அதே தெருவில்தான் இருந்தான்.
லீக் தண்டு பயிரிட்டுக் கண்காட்சியில் பரிசு வாங்கினான்.
ஒருமுறை பேருந்தில் எழுந்து எனக்கு இடம் கொடுத்தான்.
நன்றி சொன்னேன்.

2009இல் அலுவலகம் இடம் மாறியது.
கெவின் என்று எழுதிய உறை ஒன்று என் கைக்கு வந்தது.
எங்கள் பெயர்கள் வாயில் நுழையாத
எந்த எழுத்தர் செய்த வேலையோ.
உள்ளே ஒரே தாள். மாவட்டச் செவிலியின் நீல மை:

உடம்பெங்கும் கன்றிப்போயிருக்கிறது.
சில மஞ்சளாகிவிட்டன; அவை பழையவை.
இடது முன்கை எப்போதோ முறிந்து தானாகக் கூடியிருக்கிறது.
படியில் விழுந்தான் என்கிறார் மாற்றாந்தந்தை.
கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன்.
மூன்றே படி. இரண்டு முறை எண்ணினேன்.
அக்காளுக்கு ஏழு வயது. எதுவும் பேசவில்லை.
கூடவே வந்து அவளும் எண்ணினாள்.

படித்தேன்.
இருந்த மடிப்பிலேயே மடித்து வைத்தேன்.
கேட்காத தாளைக் கொடுக்க
விதியில் இடமில்லை என்று சொல்லிக்கொண்டேன்.
விதிப் புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லை.

அதன்பின் ஆறு மார்ச். ஆறு கடிதம்.
நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே
அந்த ஆள் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தான்.
சவ ஊர்வலத்துக்குத் தெருவே வந்தது. நானும்தான்.

மனச்சாட்சி உறுத்தியது என்று சொன்னால் பொய்.
அந்தக் குளிர்காலம், குப்பைக் கூடையோடு,
பனி உறைந்த என் வீட்டுப் பின்படியில் வழுக்கினேன்.
எங்களுக்கும் மூன்று படிதான்.
கீழே மல்லாந்து கிடந்தபடி
கை, கால், தலை என்று தடவிப் பார்த்தேன்.
அறுபத்திரண்டு வயதுக் கிழட்டு எலும்பு.
முழங்கையில் ஒரு சிராய்ப்பு.
அவ்வளவுதான்.

மறுநாள் அந்த உறையைக் கரோனரின் மேசையில் வைத்தேன்.

மேல்நீதிமன்றம் பழைய தீர்ப்பை விலக்கியது.
புது விசாரணை ஒன்றரை நாள் நடந்தது.
கூண்டில் யாரும் இல்லை.
செவிலியின் எழுத்தை ஒரு வழக்கறிஞர் படித்தார்;
மூன்றே படி என்ற இடத்தில் தண்ணீர் குடித்தார்.
விபத்து போய்
சட்டவிரோதக் கொலை வந்தது.
ஒரு சொல் இரண்டானது.

அவள் சன்னலுக்கு வந்தாள். சான்றிதழுக்கு ஒரு படி.
சொல்லிவிட்டேன், அந்தத் தாளை முன்பே பார்த்தேன் என்று.
எந்த வருடம் என்று கேட்டாள்.
ஒன்பது என்றேன்.
மேசை விளிம்பில் விரல் வைத்து
ஒவ்வொன்றாக எண்ணினாள்.
பிறகு முதலிலிருந்து இன்னொரு முறை.

பணம் வேண்டாம் என்றேன்.
காசை வைத்தாள். ரசீது கேட்டாள்.
பேனாவை எடுத்தேன்.
நான் கேட்காமலே
தம்பியின் பெயரை
எழுத்தெழுத்தாகச் சொல்லத் தொடங்கினாள்.