பள்ளக்கொல்லை

மூணு அடி மண்ணை விற்றவள் நான்தான்.
யாரும் ஏமாற்றவில்லை.
இருநூற்றுப் பன்னிரண்டு லோடு.
லாரிக்காரன் நோட்டில் கோடு போட
மோட்டார் கொட்டகைச் சுவரில் நானும்
கரித்துண்டால் போட்டுக்கொண்டே வந்தேன்.
கோடு சரியாக இருந்தது.
பணமும் சரியாக இருந்தது.
புதுச்சேரியில் மகள் நர்சிங் முடித்தாள்.

மேல்மண் போன பிறகுதான் தெரிந்தது
கொல்லை என்பதே அந்த மூணு அடி என்று.
மிச்சம், ஒரு காணிப் பள்ளம்.
சித்திரையில் ஓடாக வெடிக்கும்,
ஐப்பசியில் குளமாக நிற்கும்.
மல்லாட்டை போட்டேன்,
விதைத்ததைவிடக் குறைவாகப் பிடுங்கினேன்.
பக்கத்துக் கொல்லைத் தையல்நாயகி
வரப்போரம் வந்து நின்றால்
அவள் பாதம் என் இடுப்புக்கு நேராக இருக்கும்.
அப்படியே பேசிக்கொள்வோம்,
நான் அண்ணாந்து, அவள் குனிந்து.

நெல்லிக்குப்பத்தில் ஒரு கல்யாணம்.
பூச்சு இல்லாத செங்கல் மண்டபம், புது மோஸ்தராம்.
பந்தியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தேன்.
எந்த வரிசையோ, எந்தக் கல்லோ,
எங்கள் மண் அங்கே விறைப்பாக நின்றது
ஒரு புல்லுக்கும் இடம் தராமல்.
வடை நன்றாகத்தான் இருந்தது.

மறு மாசம் சங்கத்தில் கடன் வாங்கினேன்.
இருபத்தாறு செம்மறி,
கம்பி ஓடும் வெள்ளை வலை,
வெயிலில் சார்ஜ் ஏறும் ஒரு பேட்டரி.
நாளைக்கு மூணேகால் சென்ட்,
பொழுதோடு வலையைப் பிடுங்கி அடுத்த மூணேகால்.
நாற்பது நாள் ஆகாமல்
பழைய இடத்தில் ஒரு குளம்பு படக் கூடாது.

மேய என்ன இருந்தது அங்கே?
முதல் வருசம் மேய்ச்சல் என்பது பேச்சுக்குத்தான்.
பண்ருட்டி மண்டியில் பலாச் சக்கை,
கடன் சொல்லி வாங்கிய சோளத்தட்டை.
தின்றது பாதி, மிதித்தது பாதி.
மிதித்த பாதிக்காகத்தான் போட்டேன்
என்று சொன்னால்
தையல்நாயகியின் வீட்டுக்காரர் சிரிப்பார்:
"பள்ளத்துக்குச் சோறு போடுறியா?"
ஆட்டெரு அவ்வருசம், மாட்டெரு மறுவருசம்.
பள்ளத்துக்கு எந்த வருசம் என்று
பழமொழியில் இல்லை.

ரெண்டாம் ஐப்பசி, பதினோரு நாள் மழை.
நீலநாக்கு வந்தது.
டாக்டர் வருவதற்குள் நாலு போய்விட்டது.
அதில் ஒன்று சினை.
பள்ளத்திலேயே ஒரு மூலையில் குழி வெட்டினேன்.
அழுதுகொண்டே வெட்டினேன்,
பாதியில் கை நின்றது.
போன வருசம் கடப்பாரை தெறித்த இடம்,
மண்வெட்டி இறங்கிக்கொண்டே போகிறது.
மழை ஈரம், வேறென்ன,
என்று சொல்லிக்கொண்டு மூடினேன்.

தை வந்தது. ஈரம் போனது.
வெங்காயம் அரிகிற கத்தியை எடுத்துப் போய்
கிடை படுத்த இடத்தில் குத்தினேன்.
பிடிவரைக்கும் போனது.
கிடை படுக்காத வரப்போரத்தில் குத்தினேன்.
முனை வளைந்தது.
வளைந்த கத்தியால்தான்
இன்றைக்கும் வெங்காயம் அரிகிறேன்.

இப்போது கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம்.
சாணி வண்டு ஒன்று
தன் உடம்பைவிடப் பெரிய புழுக்கையைப்
பின்காலால் தள்ளிக்கொண்டு போகிறது,
வழியில் இரண்டு முறை கவிழ்கிறது.
நான் கணக்குக்காரி, அளந்தும் பார்த்தேன்:
கறுத்த மண், கட்டைவிரல் நகத்தின் அகலம்.
மூணு வருசத்துக்கு ஒரு நகம்.
மூணு அடிக்கு
எனக்கு எத்தனை வயசாக வேண்டும்
என்று வகுத்துப் பார்த்து
சுவரில் எழுதாமல் விட்டேன்.

நேற்று சக்கரபாணி வந்தார்,
சூளைக்காரர், அதே புல்லட்.
வண்டியை வரப்பில் சாய்த்துவிட்டு
பள்ளத்தில் இறங்கினார்.
ஒரு பிடி அள்ளினார், உள்ளங்கையில் உருட்டினார்,
மூக்கருகே கொண்டு போனார்.
"மண்ணு நல்லா வந்திருக்கே, அஞ்சலாட்சி."
பாராட்டாகவும் இருக்கலாம்.
அவருக்கும் கொல்லை இருக்கிறது,
அவருக்கும் மூக்கு இருக்கிறது.

நான் வலையின் கடைசிக் குச்சியை
மிதித்து ஊன்றினேன்.
பேட்டரிச் சுவிட்சைத் தட்டினேன்.
டிக், டிக் என்று அது துடிக்கத் தொடங்கியது.
"கையில இருக்கிறதைப் போட்டுட்டு
பார்த்துப் போங்க," என்றேன்.
"கம்பியில கரண்டு ஓடுது."