கண்ணி

வீட்டுத் திறப்பு வாங்கத்தான் போனனான்.
மனுசன் அதைச் சாறத்து மடியில முடிஞ்சுகொண்டு
பாசையூர் மைதானத்துக்குப் போயிட்டார்.
என்ரை கையில மீன்பை. ஒரு கிலோ சூடை.
ஐஸ் கரைஞ்சு காலால ஒழுகுது.

ஆர் விளையாட, ஆர் வெல்ல, எனக்கென்ன?
இருட்ட முன்னம் சூடையை வெட்டி முடிக்கோணும்.

சனத்துக்குள்ள நுழையேலாது. எல்லாம் ஆம்பிளையள்.
கோல் கம்பத்துக்குப் பின்னால போய் நிண்டம்,
ஒரு ஆட்டுக்குட்டியும் நானும்.

அப்பதான் மற்ற ஊர்ப் பொடியன்
இடக்காலால ஒண்டு போட்டான்.
எங்கட டெஸ்மன் பாஞ்சு காத்தைப் பிடிச்சான்.
பந்து கம்பத்துக்கு உள்பக்கத்தால வந்து,
ஏழெட்டுக் கண்ணி அறுந்து கிடந்த இடத்தால
வெளியில உருண்டு
என்ரை மீன்பையில முட்டி நிண்டது.

வலை அசையேல்லை.
மத்தியஸ்தர் கோல் இல்லை எண்டிட்டார்.
மற்ற ஊர்ச் சனம் அவற்ரை தாயை இழுத்து ஏசுது.

பதினெட்டு வருசம் வலை பொத்தின கை இது.
எந்தக் கண்ணியால மீன் போனதெண்டு
இருட்டிலயும் தடவிச் சொல்லுவன்.

அவர் நடந்து வந்தார்.
மீசை இன்னும் சரியா முளைக்கேல்லை.
"அக்கா, பந்து எந்தப் பக்கத்தால வந்தது?"

டெஸ்மன் குந்தியிருந்து என்னைப் பாத்தான்.
சொந்தமுமில்லை, பெரிய பழக்கமுமில்லை.
கையுறையில ஒரு விரல் கிழிஞ்சு
நகம் வெளியில தெரிஞ்சுது.

"நான் மீனைப் பாத்துக்கொண்டு நிண்டனான், தம்பி."

அந்தப் பொய்யோட இடிக்கத் தொடங்கின நெஞ்சு
கடைசி விசில் மட்டும் நிக்கேல்லை.
ஒண்டுக்கு ஒண்டில தப்பினம்.
நான் கத்தினது கோயிலடிக்குக் கேட்டதாம்.
சூடையில பாதியைக் காகம் கொண்டுபோட்டுது.
திறப்புக் கேக்க மறந்தே போனன்.

பாவசங்கீர்த்தனத்தில எல்லாம் சொன்னன்:
மச்சாளோட கதையாமல் இருக்கிறது,
சீட்டுக்காசில இருநூறு.
இதைமட்டும் சொல்லேல்லை.
சாமியார் மற்ற ஊர்க்காரர்.

அடுத்த மாசம், திரும்பவும் அவங்களோடதான் ஆட்டம்.
விடியக்காலமை, நாயும் எழும்பாத நேரம்,
ஊசியும் நூலும் கொண்டு போனன்.
அவங்கட பக்கத்து வலையில ரண்டு ஓட்டை.
எங்கட கோல் ஒண்டும் வீணாப் போகப்படாதெண்டு
இழுத்து இறுக்கிப் பொத்தினன்.
டெஸ்மன்ரை பக்கத்து ஓட்டையில கை வைக்கேல்லை.
கொஞ்சம் பெருப்பிச்சும் விட்டன்.

பாதி ஆட்டத்தில பக்கம் மாறுவினமெண்டு
எனக்கு ஆர் சொன்னது?