பதினோரு அங்குலம்

நெப்ராஸ்காவில் ஒரு சிற்றூர். பிப்ரவரி, மூன்றாம் செவ்வாய்.
நகரமன்றத்தின் கீழறையில்
ஐந்து நாற்காலிக்கு நான்கு பேர்.
டுவெய்னுக்கு இடுப்பில் அறுவை.
நாலு பேரும் ஒத்தால்தான் இன்று விலக்கு,
ஒரு கை இறங்கினால் மனு விழும்.
தொடங்குமுன் இதைச் சொல்வது என் வேலை.
நான் எழுத்தர். வாக்கு எனக்கில்லை.
காபிப் பாத்திரமும் ஹீட்டர் குமிழும் உண்டு.

முதல் மனு ஆல்வின் ஹ்ருஸ்கா, கார்க் கொட்டகை.
எல்லையிலிருந்து விடவேண்டியது ஐந்தடி.
விட்டிருப்பது நாலடி ஓரங்குலம்.
கான்கிரீட் இறுகிய பிறகு
யாரோ நாடாவைப் பிடித்திருக்கிறார்கள்.
"இவ்வளவுதானே" என்று கைகளை விரிக்கிறார்.
விரித்தது ஆறங்குலம் இருக்கும்.

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள்:
தலைவி இர்மாவின் புருவம் அப்படித்தான் சொன்னது.
ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் கடிதம் இருக்கிறது,
ஆட்சேபம் இல்லை என்று, பென்சிலில்.
பனி தள்ளும் இயந்திரத்தை
இருவரும் பாதிப் பாதி வாங்கியவர்கள்.
நாலுக்குப் பூஜ்யம்.
பதினோரு அங்குலம் தப்பில்லை என்றாயிற்று.

அடுத்தது மழலையர் பள்ளி.

குடியிருப்பு மண்டலத்தில் தேனீப் பெட்டி வைக்கலாம்.
மூன்று நாய் வரை வளர்க்கலாம்.
சக்கரம் கழன்ற படகைப் பத்து வருடம்
முற்றத்தில் கிடத்தலாம், கிடத்தியிருக்கிறோம்.
நாலு வயதுக்காரர்கள் பதினாறு பேர்
ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து
களிமண் பிசைய மட்டும் தனி அனுமதி வேண்டும்.

டெல்லா வோண்ட்ராசெக் எழுந்தார்.
மூடிப்போன லூத்தரன் தேவாலயத்தின் பக்கக் கட்டடம்,
குட்டை நாற்காலிகள் வந்துவிட்டன,
வாடகை ஜனவரியிலிருந்தே ஓடுகிறது.
வண்டி நிறுத்த ஒன்பது இடம் கேட்கிறது விதி,
கோடு போட்டால் ஏழுதான் வருகிறது.
நிறுத்தமாட்டார்கள், இறக்கிவிட்டுப் போவார்கள் என்கிறார்.
இர்மா குறித்துக்கொண்டார்.

பிறகு அப்திரிஸாக் வார்சமே.
மாட்டிறைச்சி ஆலையில் இரவெல்லாம்
தரை கழுவுகிறவர்.
மூன்று நிமிடம் உண்டு என்றேன்.
ஒன்றரைதான் எடுத்துக்கொண்டார்.

"காலை எட்டுக்குப் படுப்பேன். இரண்டுக்கு எழுவேன்.
விளையாட்டுத் திடல் என் படுக்கையறைச் சுவருக்கு
அந்தப் பக்கம்.
என் கடைசி மகள் ஹோதன்
அந்தப் பள்ளியின் பட்டியலில் ஏழாவது பெயர்."

அறை அவரையே பார்த்தது.
ஆதரவு, எதிர்ப்பு என இரண்டு கட்டங்கள்
நான் அச்சடித்த படிவத்தில்.
அவர் இரண்டிலும் குறியிட்டிருந்தார்.
"ஒன்றுதான் போடவேண்டும்" என்றேன், மெல்ல.
"இரண்டும் உண்மை" என்றார், அதைவிட மெல்ல.

எட்டடிக்கு வேலி போட்டால் சத்தம் குறையும்
என்றார் ஓர் உறுப்பினர், வாழ்க்கையில் முதன்முறையாக
ஏதோ தீர்த்துவிட்டவர் போல.
ஆறடிக்கு மேல் வேலி என்றால்
அதற்கும் ஒரு விலக்கு வேண்டும் என்றேன்.
மனு, கட்டணம், பத்திரிகை அறிவிப்பு,
மார்ச் மூன்றாம் செவ்வாய்.
யாரோ சிரித்தார்கள். டெல்லா இல்லை.

ஒத்திவைப்பு. நாலுக்குப் பூஜ்யம்.

ஒன்பதேகாலுக்கு நாற்காலிகளை மடக்கினேன்.
அவர்கள் இருவரும் போகவில்லை.
வரைபடத்தை மேசையில் விரித்து
உங்கள் ஜன்னல் எது என்று டெல்லா கேட்க,
ஒரு கையுறை மாட்டி ஒன்று மாட்டாமல்
விரலால் தொட்டுக் காட்டினார் அவர்.
பத்துக்கு அவருக்கு ஷிப்ட்.
மணல்தொட்டியை வடக்கே தள்ளினால், என்கிறார் டெல்லா.
வடக்கே வெயில் வராதே, என்கிறார் அவர்,
குழந்தைகளுக்குக் குளிருமே.

விளக்கை அணைக்காமல் நின்றேன்.
கோப்புகள் இரண்டு என் கையில்.
அந்தப் படிவத்தை நகலெடுத்தேன்,
பத்து சென்ட், என் காசு.
ஒன்று இதில். ஒன்று அதில்.