அரை அங்குலம்

மூன்றாவது கோழிக்குத் தலை மட்டும் இல்லை.
மற்றபடி முழுசாகக் கிடந்தது,
யாரோ பக்குவமாய்ப் படுக்கவைத்துவிட்டுப் போனதுபோல்.

"மரநாய்தான்" என்றார் வெல்டர் பிச்சாண்டி.
"தெருநாய்னா தூக்கினு போயிருக்கும்.
பெருச்சாளின்னா அடியில மண்ணு பறிச்சிருக்கும்.
இது வெளிய நின்னுக்கினே கைய வுட்டு இழுத்திருக்கு."

அறுகோண ஓட்டைக் கோழிவலை.
கோழியை உள்ளே வைக்கத்தான் அது.
வெளியே இருப்பதை வெளியே வைக்க அல்ல.
இந்த வித்தியாசம் தெரிய
எனக்கு மூன்று கோழி செலவு.

மண்ணடிக்குப் போனேன்.
அரை அங்குல வெல்ட் மெஷ், நாலடி அகலம்.
"லவ் பேர்ட்ஸாம்மா?"
"கோழி."
"கோழிக்கு இது ரொம்ப ஓவர்."
"கோழிக்கில்லீங்க, மரநாய்க்கு."
டேப்பை அப்படியே பிடித்தபடி கேட்டார்:
"அதெல்லாம் வளக்க விடறாங்களா?"

கோவிலம்பாக்கத்தில்
எங்கள் கொல்லைப்புறம் பதினோரு அடிக்கு ஆறு:
செப்டிக் டேங்க் மூடி, துணிக்கொடி,
மொட்டைமாடியை எட்டித் தொடும் ஒரு முருங்கை.
ஒரு முழம் தோண்டி வலையை வெளிப்பக்கம் மடித்துப் புதைத்தோம்.
கடப்பாரையில் கறுப்பு ஏரிமண் ஒட்டி வந்தது,
கூடவே வெள்ளை நத்தை ஓடுகள்.
தணிகைவேல் இரண்டைக் கழுவி ஜன்னலில் வைத்தான்.
பத்திரத்தில் இந்த இடம் நஞ்சை என்றுதான் இருக்கிறது.

பக்கங்கள் முடிந்தன. கூரைதான் முடியவில்லை.

தகரம் என்றான் அவன்.
சித்திரையில் ஒரு துண்டைக் கைப்பிடிச் சுவரில் வைத்து
மதியம் தொட்டுப் பார்த்தேன்.
தோசை வார்க்கலாம்.
கீற்று குளிர்ச்சிதான்,
ஆனால் கீற்றுக்குள் எலி வரும்,
எலி வாசம் பிடித்துச் சாரை வரும்,
சாரைக்கு முட்டையும் எலியும் ஒன்று.
ஆஸ்பெஸ்டாஸ் பக்கத்து மனையில் சும்மா கிடந்தது.
எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. வேண்டாம் என்றேன்,
ஏன் என்று அவன் கேட்கவில்லை.

கடைசியில் ஒரு பேனர் கிடைத்தது.
டெபாசிட் போன சுயேச்சை வேட்பாளர்,
எட்டடி நீளத்துக்குக் கூப்பிய கை.
ஐப்பசி வரை
நான்கு கோழிகளையும் ஒரு சேவலையும்
குனிந்து கும்பிட்டபடியே இருந்தார்.
ஒருவேளை ஜெயித்திருந்தால் நிமிர்ந்திருப்பார்.
அடைமழையில் நெற்றியில் குளம் கட்டி,
கன்னம் தொங்கி,
ஒரு ராத்திரி வாயோரமாய்க் கிழிந்தார்.

மழை விட்ட பகலில்
அந்தக் கிழிசல் வழியே
பள்ளிக்கரணைக் குப்பைமேட்டுப் பருந்து ஒன்றின் நிழல்
கூண்டுக்குள் வந்துபோனது.
நிழல்தான்.
கோழிகள் கழுத்தைச் சாய்த்து
ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்த்து உறைந்தன.
யார் சொல்லிக் கொடுத்தார்கள்?
முருகேசன் கடை அட்டைப்பெட்டியில் வந்த குஞ்சுகள் இவை,
தாயையே பார்த்ததில்லை.

கார்த்திகையில் மறுபடி பிச்சாண்டி.
இந்த முறை மேலேயும் வெல்ட் மெஷ், முழுக்க.
அதற்கு மேல் பாதிக்கு வெள்ளை பிளாஸ்டிக் ஷீட்,
பாதி வெயிலுக்கு விட்டு, பச்சை நிழல்வலை.
சரிவு எங்கள் பக்கம்தான்,
"உங்க வூட்டுத் தண்ணி எங்க சுவத்துல அடிக்கக் கூடாது" என்று
கமருன்னிசா அக்கா முதலிலேயே சொல்லிவிட்டார்.

இப்போது காலையில்
வெள்ளை ஷீட்டில் சேற்றுக் கால்தடம்.
ஐந்து விரல், குழந்தை கை மாதிரி.
சுற்றி வந்திருக்கும், மூலையில் நின்றிருக்கும்,
யோசித்திருக்கும், போயிருக்கும்.
தடம் இல்லாத நாளில் எனக்குக் கொஞ்சம் கவலையாயிருக்கிறது.
தணிகையிடம் சொல்லவில்லை.

"சுண்டுவிரல் போற எடத்துல கீரிக்குட்டி போவும்மா,
வெரலால பாத்துக்கங்க" என்று சொல்லிப் போனார் பிச்சாண்டி.
நைட் ட்யூட்டி முடிந்து வந்த ஒரு விடியலில்
யூனிஃபார்மோடு குந்தி உட்கார்ந்து
ஒவ்வொரு மூட்டாகத் தடவிக்கொண்டே வந்தேன்.
தூணும் கூரைக்குழாயும் சேரும் இடத்தில்
விரல் உள்ளே போனது.

எடுப்பதற்குள்
உள்ளிருந்து ஒரு கொத்து.

ரத்தம் வந்த விரலை வாயில் வைத்துக்கொண்டு
சமையலறைக்குப் போய்ப்
பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் தேடினேன்.