கையிருப்பில் குறைவு

ஒவ்வொரு மாதமும் முப்பதாம் திகதி
பார் அலுமாரியின் மேல்தட்டுப் பூட்டைத் திறந்து
கடதாசித் துவாயால் கழுத்தைப் பிடித்து இறக்குவேன்.
வெறுங்கையால் தொட்டதில்லை.
ஓட்டமாவடியில் பஸ் ஏறி வந்து
பாசிக்குடா ஹோட்டலில்
குடிவகைக்குக் கணக்கெழுதுகிறவனின் பேணுதல் இது.
சிரிக்கிறவர் சிரிக்கட்டும்.

லேபிளில் வடித்த ஆண்டு எழுபத்தெட்டு.
சூறாவளி எங்கள் தென்னைகளைப் பிடுங்கி எறிந்த வருஷம்.
அங்கே, வேறொரு மழைக்குள்,
யாரோ ஒருவன் பீப்பாவுக்கு மூடி அடித்திருக்கிறான்.
ஐந்து வருஷத்தில் ஆலையையே மூடிவிட்டார்களாம்.
அதன் பெயர் எனக்கு வாசிக்க வரும்,
சொல்ல வராது.

விலை என் இருபத்தாறு மாதச் சம்பளம்.
ஒருவரும் வாங்கியதில்லை.
போன ஆடியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர்
திறக்கவேண்டாம், காட்டினால் போதும் என்றார்.
ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தேன்,
வடமுனைக் காட்டுத்தேனின் நிறம்.
ஆலை இருந்த இடத்தில் இப்போது
கார் நிறுத்துகிறார்கள் என்றார்.
அன்னாசி ஜூஸ் குடித்துவிட்டுப் போனார்.

இன்று கொழும்பிலிருந்து ஓடிட்டர் பீரிஸ்.
வந்து இறங்கிய அன்று நான் வைத்த பென்சில் கோட்டுக்கு
அரை விரல் கீழே நிற்கிறது.
முத்திரை உடையவில்லை. மெழுகில் கீறலில்லை.
"அப்ப யார் குடிச்சது?"
தக்கை குடிச்சது சேர். கரண்ட் போன
சித்திரை மத்தியானங்கள் குடிச்சது.

அவர் சிரித்தார். அந்த நாட்டில் இதைத்
தேவதைகளின் பங்கு என்பார்களாம்.
எனக்குத் தெரிந்த மலக்குமார்
உண்பதுமில்லை குடிப்பதுமில்லை.
இரண்டு தோளிலும் இருந்து எழுதிக்கொண்டேயிருக்கிறார்கள்,
என்னைப்போலக் கணக்கப்பிள்ளைமார்.

"சரி, காரணம் எழுது."
பேனையைத் தந்தார். சின்னக் கட்டம்.
இதே அளவுக் கட்டம் வேறொரு படிவத்தில் இருந்தது.
மாடு தேடிப் புனானைக் காட்டுக்குள் போன வாப்பாவுக்காக
மூன்று ஆணைக்குழுவுக்கு மூன்று முறை நிரப்பினேன்.
உடுத்திருந்த சாரத்தின் நிறம்வரை எழுதினேன்.
அந்தக் கட்டத்தை மட்டும்
மூன்று முறையும் வெறுமையாக விட்டேன்.

இன்றைக்கு எழுதினேன்:
ஆவி.

ஆவியாதல் என்றல்லவா எழுதவேண்டும்.
ஓடிட்டருக்குத் தமிழ் வாசிக்க வராது,
பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது,
கையெழுத்து வைத்துவிட்டார்.

போத்தலைத் திரும்ப ஏற்றுமுன்
புதிய கோடு ஒன்று போட்டேன்.
பழையதை அழிக்கவில்லை.