ஆள்காட்டி

என் எடை நாற்பத்தாறு கிலோ.
உம்சிண்டோ மைதானத்துப் புல்வெட்டும் வண்டிக்கு
அது போதவில்லை.

இருக்கைக்கு அடியில் கட்டைவிரல் அளவு ஒரு சுவிட்ச்.
மேலே ஆள் இருந்தால் எஞ்சின் ஓடும்,
எழுந்தால் நிற்கும்.
நான் உட்கார்ந்தேதான் இருப்பேன்.
எலி தோண்டிய மண்மேட்டில் சக்கரம் ஏறி இறங்கும்,
அரை விரற்கடை நான் எழும்புவேன்,
அவ்வளவுதான்.
ஆள் இல்லை என்று முடிவுகட்டி
வண்டி வாயை மூடிக்கொள்ளும்.

ஒரே காலையில் பதினோரு முறை
ஆளில்லாமல் போனேன்.
பன்னிரண்டாவதற்கு முன்
அரைச் சாண் செம்புக் கம்பியால்
சுவிட்சின் இரண்டு முனைகளையும் சேர்த்து முறுக்கினேன்.
அன்றிலிருந்து அதற்கு
எப்போதும் ஆள் இருந்தது.

மற்றபடி நான் ஒழுங்கானவள், யாரையும் கேளுங்கள்.
பனி உலராமல் கத்தியை இறக்கமாட்டேன்.
முதலில் மைதானம் முழுக்க நடந்து பார்ப்பேன்:
சோடா மூடி, டென்னிஸ் பந்து, கல்,
ஒருமுறை யாரோ கழற்றி மறந்த பல்செட்டு.
கத்தியில் பட்டால் எல்லாமே தோட்டாதான்.
சூடான எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊற்றியதில்லை.
கரும்புக்காட்டுப் பக்கச் சரிவில்
நேராக ஏறி நேராக இறங்குவேன்,
குறுக்கே போனதில்லை.
கத்தி தீட்டும் நாளில்
பிளக்கைக் கழற்றிப் பையில் போட்ட பிறகுதான்
அடியில் கை விடுவேன்.
இவ்வளவும் செய்கிறவள்
அந்தக் கம்பியைப் பற்றி மட்டும்
ஸ்கும்புசோவிடம்கூட மூச்சு விடவில்லை.

அக்டோபரில் ஒரு செவ்வாய்.
வெட்டிய புல்லில் புழு பொறுக்கிக்கொண்டு
பின்னாலேயே ஏழெட்டு அரிவாள்மூக்கன்கள்.
முன்னால் திடீரென்று ஓர் ஆள்காட்டி,
கறுப்புத் தொப்பியும் சிவப்புக் காலுமாக
சக்கரத்துக்கு நேரே இறக்கை விரித்து
கத்தியது, கத்தியது, நகரவில்லை.
வண்டியைத் திருப்பினேன்.
திருப்பின கையோடு
என்னவென்று பார்க்க எழுந்து குதித்துவிட்டேன்.

நான் புல்லில் நிற்கிறேன்.
வண்டி போகிறது.

கியர் விழுந்தபடி, கத்தி சுழன்றபடி,
நடக்கிற வேகத்தில், அவசரமே இல்லாமல்,
காலி இருக்கையைக் குலுக்கிக்கொண்டு.
ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பத்தரைக்கு வருவார்கள்.
அப்போது பத்தேகால்.
ஓடுகிற வண்டியில் தாவி ஏறக் கூடாது, தெரியும்.
பக்கவாட்டில் தள்ளி ஓடினேன், வெறுங்கையோடு,
"நில்லு, நில்லு" என்று தமிழில் கத்திக்கொண்டு.
அதுவாகப் போய்
பந்துவீச்சு முனைத் திரையில் முட்டி
ஒரு பலகையைத் தின்று, இருமி, அணைந்தது.

ஒருவரும் இல்லை சுற்றிலும்.
அரிவாள்மூக்கன்கள்
ஆளில்லாமல் வெட்டிய கோட்டிலும்
அதே அக்கறையோடு பொறுக்கின.

மதியம் கம்பியை அவிழ்த்தேன்.
"யார் கட்டியது?" என்றான் ஸ்கும்புசோ.
நான் என்றேன்.
அவன் எடை நூற்றுப் பத்து.
அவனை ஒரு வண்டியும்
ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.
கம்பியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தான்,
திட்டுவதற்கு வாயெடுத்தான்,
என் கை நடுங்குவதைப் பார்த்து
தேநீர் போடப் போனான்.

டர்பனிலிருந்து மெல்லிய ஸ்பிரிங் வர ஐந்து வாரமாம்.
அதுவரை முதல் கியரில் ஊர்கிறேன்,
நின்று நின்று, மறுபடி சாவி திருப்பி.

மூன்று முட்டைகள். மண் நிறம், கரும்புள்ளி.
காலை நடையில் கல்லென்று
பொறுக்கி எறிந்திருப்பேன்.
சுற்றிலும் ஒரு கட்டில் அகலத்துக்குப்
புல்லை விட்டிருக்கிறேன்.
சனிக்கிழமை ஆட்டத்தில்
அந்த இடத்தில் விழுந்த பந்துக்கு
இரண்டு ஓட்டம் என்று பையன்களே பேசிக்கொண்டார்கள்.

அருகில் வந்ததும் கத்தியை நிறுத்துகிறேன்.
பிரேக்கைப் போட்டு எழுகிறேன்.
எஞ்சின் அணைகிறது.
ஆள் இல்லை என்கிறது சுவிட்ச்.
ஆள், ஆள் என்று அலறுகிறது பறவை.
இரண்டையும் நான் மறுக்கவில்லை.
டிப்ஸ்டிக்கைத் துடைத்து
ஆயில் ஒரு தடவை பார்த்துவிட்டு
சரிவுப் பக்கம் போகிறேன்.