கடிவாய்

மின்தூக்கியின் உள்ளகலம் எழுபத்தெட்டு சென்டிமீட்டர்.
படகு அங்கிருந்துதான் தொடங்கியது,
மரத்திலிருந்து அல்ல.

பகலில் நான் பல்செட் கட்டுகிறவள்.
துர்க்கு நகரத்தில் பல கம்பு ரொட்டிகள்
என் அளவில்தான் உடைகின்றன.
இரவில், ஆறாவது மாடிச் சமையலறையில்,
ஒரு படகை இரண்டாக வரைந்தேன்.
அணியம் சிறியது, அமரம் பெரியது,
சிறியது பெரியதன் மடியில் உட்காரும்.
"முழுசாகவே ஒன்று வாங்கினால் என்ன?" என்றாள்
கீழ்வீட்டு ஒய்லி.
முழுசை எந்தக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவது?

பால் அட்டையில் வெட்டிய மாதிரி
குளியல் தொட்டியில் மூன்று நாள் மிதந்தது.
உப்புப் புட்டிதான் பயணி.
ஓரத்தில் வைத்தேன், குடைசாய்ந்தது.
பயணி கரைந்தே போனார்.

சேர்ப்பதுதான் சிக்கல்.
எங்கள் துறையில் கரை என்று ஒன்று கிடையாது,
ஒரு மரப்பாலம், அப்புறம் நேரே கடல்.
இரண்டு துண்டும் தன்பாட்டுக்கு ஏறித் தாழும்போது
மூன்று போல்ட் மூன்று துளையைக் காண வேண்டும்.
அதில் ஒன்று நீருக்கடியில்,
விரலுக்கு மட்டுமே தெரியும்.

மே முதல் ஞாயிறு. தண்ணீர் ஏழு டிகிரி.
முதல் போல்ட் பாதி ஏறியது.
இரண்டாவது விரலிடுக்கில் நழுவி
பால்டிக்குக்கு ஒரு பல் முளைத்தது.
அணியம் கழன்று,
என் காபிக் குடுவையோடு, ஒற்றைத் துடுப்போடு,
வாத்துகளைப் பார்க்கப் போய்விட்டது.
அரைப் படகில் நான்.
பாலத்தின்மேல் நாயோடு நின்ற மனிதர்
சிரிக்காமலிருக்கப் பட்ட பாடு
அந்த நாய்க்குத் தெரியும்.

திங்களன்று வேலையிடத்திலிருந்து
நீலக் கடிதாளைப் பையில் போட்டு வந்தேன்,
மேல்பல் கீழ்ப்பல்லை எங்கே முட்டுகிறதென்று
சாயம் ஒட்டிக் காட்டுமே, அது.
இரு பலகைக்கும் நடுவே வைத்து இறுக்கினேன்.
எங்கும் படவில்லை.
இடப்பக்க மேல்மூலையில் மட்டும்
நகக்கண் அளவு நீலம்.
அந்த ஒரு மேடுதான்
மற்ற எல்லாவற்றையும் சேரவிடாமல் நிறுத்தியிருக்கிறது.
அரத்தால் நாலு இழுப்பு. மறுபடி தாள். மறுபடி அரம்.
"இப்போது உயரமாக இருக்கிறதா?"
பழக்கத்தில் பலகையைக் கேட்டுவிட்டேன்.

கீழ்த்துளைக்கு இனி போல்ட் இல்லை, கொக்கி.
அணியத்தின் பின்விளிம்பை முழங்காலால் அமுக்கி
கொக்கிக்கு அடியில் நுழைத்துவிட்டால்
மிதப்பே அதைத் தூக்கிப் பூட்டும்.
தண்ணீரோடு மல்லுக்கு நின்றது போதும்,
வேலைக்கு வைத்துக்கொண்டேன்.
மேல் போல்ட் இரண்டுக்கும் கழுத்தில் கயிறு.

ஜூனில், பத்து மணி வெயிலில், ஒய்லியும் ஏறினாள்.
மூட்டில் ஒரு தேக்கரண்டித் தண்ணீர்.
முதல் வாரம் அப்படித்தான் இருக்கும் என்று
பல் வாங்குகிற எல்லாரிடமும் சொல்வேன்,
அவளிடமும் சொன்னேன்.
அவள் மூட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.
"பிரிந்தால் எந்தப் பாதி உன்னுடையது?"
துடுப்பை நிறுத்தாமல் சொன்னேன்,
காபி இருக்கிற பாதி.